அனுப்புறேன்னு சொன்ன வண்டி

வண்டி அச்சு வரைக்கும் மணலில் இறங்கிவிட்டது. புவனேந்திரன் இன்னும் எக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தான்.

"நிப்பாட்டுங்க மச்சான். கீழதான் போகுது."

நிறுத்தினான். எஞ்சின் அடங்கியதும் காதுக்கு எதுவும் இல்லை. நமீபியாவின் அந்தப் பக்கத்தில் ஒரு காக்கைகூடக் கிடையாது.

புவனேந்திரன் என் மனைவி யசோதினியின் அண்ணன். இலங்கை மலையகத்தில், லுணுகலையில் ஆட்டோ ஓட்டுகிறான். இந்தப் பயணம் அவளும் நானும் போக இருந்தது. அவள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தாள். பதுளை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து வளர்ந்தவள். வளைவே இல்லாத ரோட்டில் ஒருநாள் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும் என்பாள். அவள் செத்த பிறகு பயணப் பதிவை நான் ரத்துச் செய்யவில்லை. எதையுமே செய்யவில்லை. "தனியா போகாதீங்க மச்சான், நான் வர்றேன்" என்றான் இவன். சரி என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

இறங்கி டயரைப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

"காத்து அடிச்சீங்களா?"

"ஆமா. நீங்க பாத்ரூம் போனப்ப, அந்த பெட்ரோல் ஷெட்ல. நம்ம கல்லு ரோட்டுல காத்து கம்மியா இருந்தா டயர் கிழிஞ்சிருமே."

"இது மணல்."

"ரோடுதானே மச்சான்?"

லுணுகலையிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, புறப்படும்போது நான்கு டயருக்கும் கீழே வைத்து நசுக்கியவன். டயருக்குள் என்ன இருக்க வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்கவில்லை.

பின் கதவைத் திறந்தேன். தண்ணீர்க் கேன் அடியில் வெடித்திருந்தது. அலையலையான ரோட்டில் அது காலையிலிருந்து கம்பியில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. பைகள் எல்லாம் ஈரம். முன் சீட்டில் இரண்டு போத்தல் தண்ணீர் மிச்சம்.

வண்டி வாடகைக்குக் கொடுத்தவர்கள், செல்போன் எடுக்காத இடத்துக்கென்று ஒரு செய்மதித் தொலைபேசி தந்திருந்தார்கள். அழைத்தேன். ஓர் ஆள் தூக்கம் கலையாத குரலில் ஆங்கிலத்தில் பேசினான். நாளை மதியம் மீட்பு வண்டியை அனுப்புகிறேன், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றான். தண்ணீர் இரண்டு போத்தல்தான் இருக்கிறது என்றேன். நிழலில் இருங்கள் என்றான்.

புவனேந்திரனிடம் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு, வண்டியின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தான்.

"என்ன உக்காந்துட்டீங்க? டயர்ல பாதிக் காத்த எறக்குவோம். டயர் பரந்து நிக்கும், மணல் தாங்கும். ஒருத்தர் தள்ளணும்."

"தொட வேணாம்னு சொல்லியிருக்காங்களே."

"நாளைக்கு மதியம் வரைக்கும் எதைக் குடிப்பீங்க?"

"அனுப்புறேன்னு சொல்லிட்டாங்கதானே மச்சான். நாம அவசரப்பட்டு ஏதாச்சும் செஞ்சா என்ன நெனப்பாங்க?"

இந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்.

யசோதினிக்கு ஏழாம் மாதம். தாய் வீட்டுக்கு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போயிருந்தாள். நான் கொழும்பில் வேலையில் இருந்தேன். காலையில் இரத்தம் போகத் தொடங்கியிருக்கிறது. இவன் என்னை அழைத்தான். உடனே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கத்தினேன். அப்போதும் இதையேதான் சொன்னான். தொரை தோட்டத்து வண்டிய அனுப்புறேன்னு சொல்லிட்டாரு மச்சான், அதுக்குள்ள நாம போனா என்ன நெனப்பாரு. வண்டி வந்தது. தேயிலைக் கொழுந்து ஏற்றி முடித்த பிறகு வந்த லொறி. கொழுந்துச் சாக்குகளின் மேல் அவளைப் படுக்க வைத்தார்கள். பாதி வழியில், பசறை வருவதற்குள் போய்விட்டாள். பிள்ளையும்தான். செத்த வீட்டுக்குத் தோட்டத்து மேலாளர் துரை மாலை அனுப்பினார். அதற்கு இவன் கைகூப்பி நன்றி சொன்னான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாவியக் குடு" என்றேன்.

இதுவரை அவனை நீ என்று பேசியதில்லை. நிமிர்ந்து பார்த்தான்.

"மச்சான், ஏசுவாங்க..."

"யாரு ஏசுவா? எந்தத் தொரை இருக்கான் இங்க? காட்டு! கங்காணி நிக்கிறானா? அந்த மணலுக்குப் பின்னால காலைல ஆள் எண்ணுற பெரட்டுக் களம் இருக்கா? யாருக்குடா இன்னும் கைய கட்டிக்கிட்டு நிக்கிற?"

"சத்தம் போடாதீங்க."

"போடுவேன். உன் ஆட்டோ வாசல்லதான நின்னுச்சு?"

அவன் எழுந்தான். சட்டைக் கொலரைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க கொழும்புல இருந்துக்கிட்டு பேசுவீங்க. அம்மா இன்னும் மலைல கொழுந்து எடுக்குது. தொரை அனுப்புன வண்டி வந்து, ஆள் இல்லாம திரும்பிப் போயிருந்தா, மறுநாள் பெரட்டுல அம்மாவ நிக்க வச்சு கேட்டிருப்பாங்க. வேல போயிட்டா லயமும் போயிரும். அது ஒங்களுக்குத் தெரியுமா?"

"லயம் இப்ப இருக்கா?"

"இருக்கு."

"நல்லா இரு அதுல."

அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். என் கையில் தரவில்லை. முன் டயரிடம் மண்டியிட்டு, வால்வின் மூடியைத் திருகி, சாவி முனையால் ஊசியை அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. அந்த வனாந்தரத்தில் அது ஒன்றுதான் சத்தம். நான் பின் டயருக்குப் போய் ஒரு கூரான கல்லால் ஊசியை அழுத்தினேன். நான்கையும் முடித்தோம். கைகளாலேயே சக்கரங்களுக்கு முன்னால் மணலை வாரினோம். சூடு தோலை உரித்தது. வாரிக்கொண்டே இருந்தோம்.

ஸ்டியரிங்கில் நான் உட்கார்ந்தேன். அவன் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான். மெதுவாக மிதித்தேன். வண்டி ஒருமுறை முன்னும் பின்னும் ஆடியது. அப்புறம் எதுவுமே நடக்காததுபோல மேலே ஏறியது. கெட்டித் தரை வந்ததும் வண்டியை நிறுத்தினேன்.

அவன் நடந்து வந்தான். முகமெல்லாம் மணல். பாதி வழியில் நின்று, வண்டி புதைந்திருந்த குழியைத் திரும்பிப் பார்த்தான்.

"இவ்வளவுதானா மச்சான்?"

"இவ்வளவுதான்."

அவன் ஏற வரவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான்.

"ஆட்டோல பெட்ரோல் இருந்துச்சு" என்றான். "அன்னைக்குக் காலையிலதான் அடிச்சேன்."

தொலைபேசி சீட்டில் கிடந்து அடித்தது. வாடகை வண்டிக்காரர்களாகத்தான் இருக்கும். அடிக்கட்டும் என்று விட்டேன். நான் இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை.