விமானம் முடிந்துவிட்டது

சாப்பாட்டு மேஜையின் முகத்தைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேஜை அதே இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் அவளுடைய கணவரின் விமானம் குடியேறியிருந்தது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிற மனிதருக்கு விமானம் எதற்கு என்று கேட்டால், "தரையில ஓட்டினது போதும்" என்பார். பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கிற இந்த ரிமோட் விமானப் பெட்டியை வாங்கிக் கொடுத்து வீட்டைத் தலைகீழாக்கியது வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பி. அவனைத் திட்டவும் முடியாது, திட்டாமல் இருக்கவும் முடியாது.

பெட்டிக்குள் ஃபோமில் வார்த்த உடம்பு இருந்தது. இறக்கைக்குப் பால்சா மரத் துண்டுகள்; ஊதினால் பறக்கிற கனம். உடம்பை ஒட்டினால் போதும், இறக்கையைத்தான் உட்கார்ந்து கட்ட வேண்டும். மனிதர் வரைபடத்தை மேஜையில் விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, இறக்கையின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாகக் குண்டூசி குத்தி நிறுத்தினார். ஆரம்பத்தில் அவசரப்பட்டு வால் பகுதியில் சாதாரண சூப்பர் பசையை விட்டார். ஃபோம் புசுபுசுவென்று கரைந்து குழி விழுந்தது. அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு ஃபோமுக்கென்றே இருக்கிற பசை வந்தது.

கடைசி வேலை, எலும்புக்கூட்டின் மேல் சிவப்பு பிளாஸ்டிக் ஃபிலிமைச் சூட்டில் இழுத்து ஒட்டுவது. அதற்கு அவளுடைய இஸ்திரிப் பெட்டி பறிபோனது. "துணியில சிவப்பு ஒட்டிச்சு, அப்புறம் உங்களத்தான் தேய்ப்பேன்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். முடிகிற வரை யாரும் பார்க்கக் கூடாது என்று கட்டளை. வேலை இல்லாத நேரத்தில் விமானத்தின் மேல் பழைய போர்வை ஒன்று கிடக்கும்.

அந்த வாரம் அவர் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். தட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சமையலைக் குறை சொல்கிறார் என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்து பார்த்தாள். அது அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. விமானப் பைத்தியம் முற்றிவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வந்தான். அவனை உட்காரக்கூட விடவில்லை.

"மாப்ள, முடிஞ்சிடுச்சு. ரெண்டு பேரும் இங்க வாங்க."

போர்வையை உருவினார்.

வலது இறக்கை ரத்தச் சிவப்பாகப் பளபளத்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு காற்றுக் கொப்புளம் இல்லை. இடது இறக்கை வெறும் எலும்பாக நின்றது. ஃபிலிம் நடு உடம்போடு வெட்டப்பட்டு, அந்த வெட்டும் நேர்க்கோடாக இருந்தது. மேஜையின் ஓரத்தில் மீதிச் சுருள் பிரிக்காமல் கிடந்தது.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன மாமா, பாதி பறந்தா போதுமா? மீதிய எப்ப ஒட்டப் போறீங்க?"

"எந்த மீதி?"

"இந்தப் பக்கம்தான்."

"எல்லாம் ஒட்டியாச்சேடா. நல்லாப் பாரு. நேத்தே முடிச்சிட்டேன்."

அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கேலி செய்கிற முகம் இல்லை அது. பாராட்டு வரும் என்று காத்திருக்கிற முகம். வலது கன்னம் மழமழவென்று சவரம் செய்யப்பட்டிருந்தது, இடது கன்னத்தில் பல நாள் முள். காலையில் இதையும் பார்த்துவிட்டு, அவசரக்குடுக்கை என்று அவள்தான் நினைத்திருந்தாள்.

தம்பிக்கு இன்னும் புரியவில்லை. விளையாட்டாக விமானத்தின் மூக்கைப் பிடித்து அப்படியே திருப்பி வைத்தான். எலும்பு இறக்கை அவருடைய வலது பக்கத்துக்கு வந்தது.

அவர் அலறினார். "யாருடா பிச்சது? ஏய், இப்பதானே முழுசா இருந்துச்சு! கண் மூடித் திறக்கிறதுக்குள்ள யாருடா உரிச்சது?"

அறையில் அவர்கள் மூன்று பேரும்தான். யாரும் ஃபிலிமைத் தொடவில்லை. அவர் பதறிக்கொண்டு விமானத்தை மறுபடி திருப்பினார். சிவப்பு இறக்கை வலது பக்கம் வந்ததும் அவர் மூச்சு சீரானது. "இதோ, நல்லாத்தானே இருக்கு" என்றார். சந்தேகம் தீராமல் மறுபடி திருப்பினார். எலும்பு. மறுபடி திருப்பினார். சிவப்பு. அந்த மனிதர் தன் கையாலேயே அதைச் சுற்றிச் சுற்றி வைப்பதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இடது பக்கம் என்ற ஒன்றே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. இல்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

நாளைக் காலை அவர் பஸ்ஸை எடுக்க வேண்டும். பஸ் நிறையப் பிள்ளைகள்.

"என்னங்க, உங்களுக்கு இடது பக்கமே தெரியல. நாளைக்கு வண்டி எடுக்க வேணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எனக்கென்ன வந்துச்சு? பொம்மைக்கும் பஸ்ஸுக்கும் முடிச்சுப் போடாத. என் சர்வீஸ்ல வண்டி மேல ஒரு கீறல் விழுந்திருக்கா?" கோபத்தோடு போனை எடுத்தார். "வேணும்னா உன் காதாலயே கேளு."

பள்ளி வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "நான்தான்யா, டிரைவர். என் வண்டியோட இடது பக்கத்தப் போய்ப் பாரு. ஏதாவது கீறல் இருக்கான்னு சொல்லு."

"போய் வேற பாக்கணுமா சார்?" என்றார் வாட்ச்மேன். "கீறல் என்ன, அந்தப் பக்கத்து சைடு கண்ணாடியே இல்லையே. வியாழக்கிழமைலேர்ந்து வெறும் கம்பிதான் நீட்டிக்கிட்டு நிக்குது. நீங்கதான் கழட்டி ரிப்பேருக்குக் குடுத்திருப்பீங்கன்னு நான் கேக்கல."

வாட்ச்மேன் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். தம்பி போனை வாங்கி அணைத்தான்.

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமையும் ஓட்டினேனே" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "பிள்ளைங்க அந்தப் பக்கம்தான் இறங்கும். இறங்கினதும் கண்ணாடியப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பேன். ஒவ்வொரு ஸ்டாப்லயும் பாத்தேன். சத்தியமா பாத்தேன். கண்ணாடியே இல்லைன்னா... என்னத்தடா பாத்தேன்?"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும் என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். அவர் காதில் அது ஏறவில்லை. எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த பஸ் சாவியை எடுத்து அவன் கையில் திணித்தார். "இத என் கண்ணுல காட்டாத."

தம்பி காரை வாசலுக்குக் கொண்டுவந்தான். அவள் கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் அவர் நின்றுவிட்டார். முதலில் வலது பக்கம் பார்த்தார், பிறகு பின்னால் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார்.

"மாப்ள, உங்க அக்கா எங்கடா?" என்றார். "அவளையும் வரச் சொல்லு. எனக்குப் பயமா இருக்கு."

அவள் அவருடைய இடது கையைத்தான் பிடித்திருந்தாள்.