கட்டிலின் இடப்பக்கம்

உடலை வைத்துச் செய்கிற மனச் சிகிச்சை என்று டாக்டர் சொல்லி அனுப்பியதைக் கேட்டு, கெல்வின் முதல் நாள் புது உள்ளாடை போட்டுக்கொண்டு போனார். அறுபத்தொன்பது வயது, ஐம்பது வருடம் மாடு கறந்த உடம்பு. அதை யாரோ ஒரு பெண்பிள்ளை முன்னால் அவிழ்த்துக் காட்டும்படி ஆகிவிட்டதே என்று லியன்கத்தா டவுன் போய்ச் சேரும்வரை காரில் தனியாகப் புலம்பினார். சிகிச்சை செய்கிற இமோஜென் அவரைச் சட்டைப் பொத்தானைக்கூடத் தொடவிடவில்லை. "எந்த நாற்காலி வசதியோ அதுல உக்காருங்க. ஏதாவது பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, அங்கேயே நிறுத்திடலாம்" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காளை அவரை இரும்புக் கேட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றது. பால் லாரிக்காரன் வந்து விரட்டும்வரை இருபது நிமிடம். இரண்டு கையும் நெஞ்சுக்கும் காளையின் நெற்றிக்கும் நடுவே மாட்டிக்கொண்டதில் அவரால் தள்ளவே முடியவில்லை. விலா எலும்பெல்லாம் ஆறு வாரத்தில் ஒட்டிவிட்டது. கைகள் மட்டும் தூக்கத்தில் தள்ளிக்கொண்டே இருந்தன. ஒருநாள் அந்தத் தள்ளு, இடப்பக்கம் படுத்திருந்த மனைவி நோலீனின் தாடையில் விழுந்து பல் ஒன்று போயிற்று. மறுநாளே கெல்வின் தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்வராந்தா அறைக்குப் போய்விட்டார். திரும்ப அவள் பக்கத்தில் படுக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இப்ப உடம்புல என்ன தெரியுது?" என்று கேட்டாள் இமோஜென்.

"பூட்ஸ் கடிக்குது."

"வேற?"

"இன்னொரு பூட்ஸும் கடிக்குது."

சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு. காளையைப் பற்றி எப்போது கேட்கப்போகிறாள் என்று கெல்வின் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காளை எங்கயும் ஓடிடாது. முதல்ல, உங்க முதுகு நிம்மதியா இருந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்க" என்றாள்.

"முதுகுக்கு ஏதும்மா நிம்மதி?" என்றவருக்கு, எங்கிருந்தோ ஊர் ஹாலில் நடக்கும் ஜோடி நடனம் ஞாபகம் வந்தது.

அடேயப்பா, அந்தச் சனிக்கிழமைகள்! சாயங்காலக் கறவையை அரைகுறையாக முடித்து, சோப்பை ஒரு கட்டி தேய்த்தும் மாட்டு வாசம் போகாமல் ஓடுவார்கள். தரையில் மெழுகுத் தூளைத் தூவி, சாக்கின் மேல் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து இழுத்தே வழுவழுப்பாக்கி வைத்திருப்பார்கள். பெண்கள் ஆளுக்கொரு தட்டு கொண்டுவருவார்கள், முட்டை சாண்ட்விச், கிரீம் வைத்த ஸ்பாஞ்ச் கேக். ஆண்கள் ஏதோ பரீட்சைக்கு வந்தவர்கள்போல வாசலிலேயே கும்பலாக நிற்பார்கள். கெல்வின் ஆடக் கற்றது அக்கா பெரிலிடம். நான் பெரியவள், நான்தான் ஆண்போல நின்று நடத்துவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், பெண்கள் வைக்கிற அடி மட்டும்தான் அவருக்குத் தெரியும். பின்னால் நகர்கிற அடி.

நோலீன் வீட்டில் ஐந்தும் பெண்கள். அவள்தான் நெட்டை என்று ஆண் இடத்தில் நின்றே தங்கைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவள். முதல் முறை இருவரும் கைகோத்து நின்றபோது, "நீ நடத்துறியா, நான் நடத்தட்டுமா?" என்று கேட்டாள். "நீயே நடத்து, எனக்கு ரிவர்ஸ் மட்டும்தான் வரும்" என்றார் கெல்வின். அவள் வலக்கையை அவர் முதுகில் வைத்தாள். ஹாலே கைகொட்டிச் சிரித்தது. அந்தக் கை இருந்தவரை, பின்னால் சுவர் இருக்கிறதா ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. எவ்வளவு நல்ல காலம் அது!

இதைச் சொல்லி முடித்தபோது, மூன்று வருடமாகக் காதை முட்டிக்கொண்டிருந்த அவருடைய தோள்கள் தாமாகவே கீழே இறங்கியிருந்தன. இமோஜென் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

அப்புறம் வாராவாரம் இதே வேலை. கொஞ்சம் காளை, கொஞ்சம் ஹால், மறுபடி கொஞ்சம் காளை. ஒன்பதாவது வாரம் சுவரில் ஒரு திண்டைச் சாய்த்து, அன்றைக்குத் தள்ள முடியாததை இன்றைக்கு மெதுவாகத் தள்ளிப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். கெல்வின் தள்ளினார். கால் நடுங்கியது, பல் கிட்டியது, மாட்டுக் குரலில் ஏதோ கத்தினார். முடித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். வெட்கமாக இருந்தது, ஆனால் சுகமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம், விடிந்து பார்த்தால் போர்வை கலையாமல் கிடந்தது.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை, பத்து மணித் தேநீருக்கு உள்ளே வந்தவர் சந்தோஷம் தாங்காமல் சொல்லிவிட்டார்: "நோல், கை அடங்கிடுச்சு. ஒரு தடவைகூட இல்ல. நான் உள்ள வந்துடட்டுமா?"

"வாயேன், யாரு வேணாம்னது?" என்றாள் நோலீன். முகமெல்லாம் சிரிப்பு.

அலமாரி மேல்தட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுக்க, அவள் தலைக்கு மேலாக அவர் சட்டென்று கையை நீட்டினார்.

அவள் குனிந்துவிட்டாள். தோள் காதுவரை ஏறியது, முழங்கை தாடையை மறைத்தது. எல்லாம் ஒரு நொடிதான். பழைய கெல்வினாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டார்.

"வேணும்னு பண்ணல கெல்."

"தெரியும்."

டப்பாவை விட்டுவிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் அவள் பார்க்கும்படி மேசைமேல் வைத்தார். "அந்தப் பொண்ணுகிட்ட இத்தனை வாரமா என் உடம்பைப் பத்தியே பேசிட்டு வந்திருக்கேன். உன்னுது எப்படி இருக்குன்னு ஒரு நாள் கேக்கல."

"கேட்டிருந்தா நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லியிருப்பேன்."

தேநீர் ஆறிப்போயிற்று. அவர் கையை அசைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்" என்றாள் அவள் கடைசியில். "நல்ல வெளிச்சத்துல. போர்வைக்கு மேல, போட்ட துணியோட. சும்மா படுத்துப் பாப்போம்."

"சரி."

"நடுவுல நான் எந்திரிச்சுப் போயிட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"மாட்டேன் நோல்."

ஞாயிற்றுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நாற்பத்தாறு வருடக் கல்யாணத்தில் இவ்வளவு ஆசையும் பயமுமாகக் கெல்வின் எந்த நாளுக்கும் காத்திருந்ததில்லை.