வாசலில் கழற்றிய இடைவார்

கெத்தில் என்பவனின் வெள்ளிக் கைவளை திருடு போயிற்று. எடுத்தவன் குட்லைக்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அண்டை வீட்டு ஆஸ்முண்டைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு குட்லைக்கின் வாசலுக்குப் போனான்.

"இடைவாரை அவுத்துட்டு உள்ள வாடா," என்றான் குட்லைக். கையில் கோடாரி.

மலையிடுக்கில் கடல் புகுந்த எங்கள் ஃபியோர்டின் பழைய சட்டம் அது. வீட்டைச் சோதிக்க வருபவன் இடைவாரைக் கழற்றி, தொளதொளத்த சட்டையோடுதான் நுழைய வேண்டும். வாரில்லாத சட்டைக்குள் எதை ஒளித்தாலும் காலடியில் விழுந்துவிடும். திருட்டுப் பொருளைத் தானே கொண்டுபோய் வைத்துவிட்டுக் 'கண்டுபிடிக்க' முடியாது. அருமையான ஏற்பாடு. என்ன, கத்தி தொங்குவதும் அதே வாரில்தான்.

"அவுக்காம வந்தா?"

"அப்ப அது ரன்சாகா இல்லடா, ரான். உன்னை வெட்டினா எவனும் கேக்க மாட்டான்."

எங்கள் பழைய மொழியில் 'ரன்' என்றால் வீடு. 'சாகா' என்றால் தேடுவது. 'ரான்' என்று நீட்டிவிட்டால் கொள்ளை. கெத்திலின் உயிர் அந்தக் குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவில் இருந்தது.

"வேணாம்ணே, போயிடலாம்," என்றான் ஆஸ்முண்ட்.

கெத்தில் வாரைக் கத்தியோடு கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

பெட்டியில் இல்லை. படுக்கை வைக்கோலிலும் இல்லை. அடுப்பின் மேல் கொப்பரையில் பார்லிக் கூழ் கொதித்தது. குட்லைக்கின் மனைவி குன்வர் துழாவிக்கொண்டிருந்தாள். கரண்டி எதிலோ 'ணங்'கென்று இடித்தது.

கெத்தில் என்ற பெயருக்கே கொப்பரை என்றுதான் பொருள். "என்ன முறைக்கிற? கொப்பரைன்னு பேர் வச்சுக்கிட்டு கூழுக்குப் பயமா?" என்று சிரித்தாள்.

அவன் கையை முழங்கை வரை கூழுக்குள் விட்டான். அலறிக்கொண்டே வெளியே இழுத்த கையில் தோல் உரிந்து தொங்கியது, விரல்களில் வளை. குட்லைக்கின் கோடாரி அந்தக் கையின் தோளைப் பிளந்தது. இரண்டாவது வெட்டுக்கு ஓங்குமுன் கெத்தில் கொப்பரையை அவன் முகத்தை நோக்கி உதைத்தான். கூழில் வெந்து உருண்டவனின் கழுத்தில் அதே கோடாரியை மறுகையால் எடுத்து இறக்கினான்.

"ரான்! ரான்!" என்று குன்வர் வெளியே ஓடிக் கத்தினாள். ஈட்டிகளோடு ஊர் திரண்டது.

ஆஸ்முண்ட் வாசலை மறித்து வாரை உயர்த்தினான். "கத்தி உறையிலயே இருக்கு பாருங்கய்யா! என்கிட்ட கொடுத்துட்டுத்தான் உள்ள போனாரு. இது ரன்சாகா!"

ஈட்டிகள் தாழ்ந்தன. கெத்தில் பிழைத்தான், ஒற்றைக் கையோடு.

இன்று எங்கள் போலீசார் ஒரு வீட்டைச் சோதித்தாலும் 'ரான்சாகெ' என்று நீட்டித்தான் சொல்கிறோம், அன்று குன்வர் கத்தியதைப் போலவே.