ஒத்துழைப்பு கிடைத்ததா?

ஏழு வருஷம் வார்டில் வேலை பார்த்த பிறகுதான் நர்ஸ் தெய்வநாயகியைப் பொது சுகாதாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மெட்ராஸில் ஏழு மாதம் பாடம். கடைசி மூன்று மாதம் மரக்காணத்தில். ஒரு கர்ப்பிணியைப் பிரசவம் வரைக்கும் வீடு தேடிப் போய்ப் பார்த்து நோட்டு எழுத வேண்டும். நோட்டு முடியாமல் சான்றிதழ் கிடையாது.

அவள் எடுத்துக்கொண்டது பாஞ்சாலையை. ஆறு மாதம். புருஷன் பாண்டியில் மூட்டை தூக்குகிறவன், எப்போதாவது வருவான். முதல் தடவை வீட்டில் பார்த்ததோடு சரி. அடுத்து மூன்று முறை போனபோதும் கதவில் பூட்டுதான். வார்டில் நோயாளி படுத்திருப்பாள், நாம் போய் நிற்போம். இங்கே யாரும் படுத்திருக்கவில்லை. ஐந்தாவது முறை, பாஞ்சாலை கூலிக்குப் போகும் உப்பளத்துக்கே நேராகப் போனாள்.

வெயிலில் கண் கூசியது. பெண்கள் வரிசையாகக் கூடை சுமந்து வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். பாஞ்சாலை இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னா நர்சம்மா, உப்புக்கு ஊசி போட வந்தீங்களா?" என்றாள் கூடை நிரப்பிக்கொண்டிருந்த ஆண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகம் என்று தெய்வநாயகிக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

வேலை செய்யும் இடத்தில் பொறுப்பாளரின் ஒத்துழைப்பைக் கேட்டுப் பெற வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. நோட்டில் அதற்கென்று ஒரு கட்டமே உண்டு. அவள் மேஸ்திரி அப்பாவுவிடம் போனாள்.

"பாஞ்சாலைக்கு ஆறு மாசம். தலைச்சுமை கூடாதுங்க. ஒக்காந்து செய்யற வேலையா குடுங்க."

மேஸ்திரி எழுந்து நின்று கேட்டார். "ஆறு மாசமா? எங்கிட்ட வயித்துல கட்டின்னு இல்ல சொல்லிச்சு! ஆவட்டுங்கம்மா, நான் பாத்துக்கறேன்."

வரப்பில் நின்றபடியே கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினாள்.

மறுநாள் பாஞ்சாலைக்கு வேலை இல்லை. அதோடு போகவில்லை. மேஸ்திரி எல்லாப் பெண்களையும் இடுப்புத் துண்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். இன்னும் இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். அதற்கு முந்தின வருஷம் ஒருத்திக்கு வரப்பிலேயே பிரசவமாகி, முதலாளி போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதிலிருந்து வயிறு தெரிந்தால் வேலை கிடையாது. அளம் முழுக்கத் தெரிந்த இது அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்த முறை சாயங்காலம் பாஞ்சாலையின் தெருவுக்குப் போனபோது வீடுகளில் பூட்டு இல்லை. கதவுகள் உள்ளே தாழிட்டிருந்தன. ஆண்டாள் மட்டும் வெளியே வந்தாள்.

"உங்கள யாரு சொல்லச் சொன்னாங்க? அவ கூடைக்கு அடியில பழைய சாக்கச் சுருட்டி வெச்சு, மேலாப்புல உப்பு போட்டு நான்தான் தூக்கி உட்டுக்கினு இருந்தேன். வயித்துக்காரிங்களுக்கு நாங்க எப்பவும் அப்படித்தான் செய்வோம். நீங்க வந்து என்னாத்த கொறைச்சீங்க?"

"அவ இப்ப எங்க?"

"பெருமுக்கல் மலையில ஜல்லி ஒடைக்கறா. அங்க சாக்கு வெக்க யாரு இருக்காங்க?"

பெருமுக்கலுக்குப் போக வேண்டும் என்று தினமும் நினைத்தாள். போகவில்லை. நோட்டின் கடைசிப் பக்கம் காலியாக இருந்ததால் ஒன்றரை மாதம் கழித்துப் போனாள். கல் மேட்டில் பாஞ்சாலை சுத்தியலோடு உட்கார்ந்திருந்தாள். வயிறு இல்லை. எட்டு மாதம்கூட ஆகியிருக்காது.

"கொழந்த?" என்று கேட்டாள் தெய்வநாயகி.

பாஞ்சாலை இரண்டு கல்லை உடைத்தாள். "எந்தக் கொழந்த? அது கட்டிம்மா. மேஸ்திரிகிட்ட அப்பவே சொன்னேனே. எழுதிக்குங்க."

தெய்வநாயகி எழுதினாள், 'குழந்தை இறந்து பிறந்தது' என்று. அதற்கு மேல் எழுத அந்தப் பக்கத்தில் இடம் இருந்தது. எழுதவில்லை.

மெட்ராஸில் நோட்டைத் திருத்திய ஆசிரியை கடைசிப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிட்டு அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள். "உப்பளத்துல ஒத்துழைப்பு வாங்கியிருக்கியே! இதுவரைக்கும் யாருக்கும் கெடைச்சதில்ல." வகுப்பில் அவளுக்குத்தான் முதல் இடம்.

அடுத்த உப்புப் பருவத்தில் அவளை மரக்காணத்துக்கே போட்டார்கள். அளத்தில் கால் வைத்ததும் மேஸ்திரி ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார். "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. அந்தப் பொண்ணு அம்சவள்ளி கட்டின்னு சொல்லுது. எனக்கு நம்பிக்க இல்ல. நீங்க பாத்துச் சொன்னா சரி."

பெண்கள் கூடைகளோடு அப்படியே நின்றார்கள். ஆண்டாளும் நின்றாள். யாரும் சிரிக்கவில்லை.

தெய்வநாயகி துண்டுக்கு மேலாக அம்சவள்ளியின் வயிற்றில் கை வைத்தாள். உள்ளங்கையில் ஓர் உதை விழுந்தது. இன்னொன்று.

"கட்டிதான்" என்றாள். "வேல செய்யலாம்."

மேஸ்திரி தலையாட்டினார். ஆண்டாள் குனிந்து ஒரு கூடையைத் தூக்கி அம்சவள்ளியின் தலையில் வைத்தாள். மேஸ்திரி பக்கத்திலேயே நின்றதால் அந்தக் கூடையில் சாக்கு இல்லை, அடியிலிருந்தே உப்பு நிரம்பியிருந்தது.