இன்னொருத்தி கார்டு

குளியலறை இரண்டையும் தேய்த்துக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது ரேவதிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் வருஷக்கணக்காக நின்றபடியே அட்டைப்பெட்டி ஒட்டின இடுப்பு. குனிந்தால் நிமிராது, நிமிர்ந்தால் குனியாது. கதவை இழுத்துச் சாத்தினாள். படியில் ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று பார்த்தாள். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

கள்ளிக்குப்பத்து வீடு அது. ராஜசேகரன் சார் நாள் வாடகைக்கு விடுகிறார். அவர் இருப்பது கோயம்புத்தூரில். இங்கே பெருக்கித் துடைப்பதும் ஆளை உள்ளே விடுவதும் ரேவதி. வருகிறவரின் ஆதார் கார்டை வாங்கி, முகத்தோடு ஒத்துப் பார்த்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் கதவுப் பூட்டின் புது நம்பர் அவரிடமிருந்து வரும்.

காரிலிருந்து ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் இறங்கினார்கள். பெண்ணுக்கு ஐம்பது இருக்கும். நல்ல புடவை.

"கார்டு எங்கம்மா?"

"பையோட ட்ரெயின்ல போச்சும்மா. சாயங்காலம் பையன் வாட்ஸப்ல அனுப்பிடுவான். கொஞ்சம் திற, தலை சுத்துது."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், கார்டு வருகிற வரை அங்கேயே நில் என்பார் சார். வெயில் மண்டையைப் பிளந்தது. ரேவதியின் போனில் நஜ்மாவின் கார்டு கிடந்தது. போன மாதம் பூந்தமல்லியிலிருந்து மருமகள் ஷாகிதாவின் பிரசவத்துக்காக வந்து இதே வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தவள் நஜ்மா. ஏதோ ஒரு கார்டு, போய்த் தொலையட்டும் என்று அதையே அனுப்பிவிட்டாள்.

சார் உடனே கூப்பிட்டார். "இந்தம்மா மறுபடியும் வந்திருக்காங்களா?"

"ஆமா சார். பேத்தியப் பாக்க வந்துகீறாங்க."

நாக்கு கூசவில்லை. இடுப்புதான் பேசியது. நம்பர் வந்தது, கதவு திறந்தது. சாயங்காலம் கார்டு வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த மூவரும் ஒரு வாரம் உள்ளேயே உட்கார்ந்து, பேங்க் ஆபீசர் பேசுகிறோம் என்று பென்ஷன் வாங்கும் கிழங்களுக்குப் போன் போட்டு, கணக்கை வழித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். போலீஸ் வீட்டைக் கண்டுபிடித்தது. சார் தன்னிடமிருந்த கார்டைக் கொடுத்தார்.

"அந்த நஜ்மாவைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அந்தத் தேதியில நான் வரவே இல்லைன்னு சாதிக்குதாம்" என்றார் போனில். "நீ ஸ்டேஷனுக்குப் போய், ஆமா இவங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. வேற எதுவும் வாயைத் திறக்காத. உன் வேலையும் தப்பிக்கும், என் வீடும் தப்பிக்கும்."

ரேவதி போனாள். பஸ்ஸில் வழி முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டு போனாள்.

ஸ்டேஷன் பெஞ்சில் நஜ்மா உட்கார்ந்திருந்தாள். முக்காடு நழுவியிருந்ததைக்கூடச் சரிசெய்யவில்லை. பக்கத்தில் மகன் அமீர், அழுது வீங்கிய கண்ணோடு. ரேவதியைப் பார்த்ததும் நஜ்மாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"யா அல்லா, ரேவதி வந்துட்டா! எஸ்.ஐ. அம்மா, இவளக் கேளுங்க. இவளுக்கு என்னை நல்லாத் தெரியும். அமீரு, நான் சொல்லல? இவ வந்தா எல்லாம் சரியாயிடும்னு?"

ரேவதியை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"சொல்லும்மா" என்றார் பெண் எஸ்.ஐ. "இவங்கதானா?"

"இல்லம்மா. வந்தது வேற பொம்பள."

"அப்புறம் இவங்க கார்டு எப்படி வந்துச்சு?"

"நாந்தான் அனுப்பிச்சேன். என் போன்ல இருந்துச்சு. நிக்க முடியல, அனுப்பிட்டேன்."

ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். "நல்லாக்கீதே கதை! ஊடு வாடகைக்கு உடுவாங்க, நீ கார்ட வாடகைக்கு உட்டியா?" மேசைப் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். ரேவதி புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

எழுதி வாங்கிக்கொண்டார்கள். கூப்பிட்டபோதெல்லாம் வரவேண்டும் என்றார்கள். நஜ்மாவைப் போகச் சொன்னார்கள். அவள் எழுந்து நின்றாள், ஆனால் உடனே நடக்கவில்லை. பிரசவத்துக்கு வந்து தங்கியிருந்த வாரம் முழுக்க, "சாப்ட்டியா, தட்ட எடு" என்று தினமும் கேட்ட அதே வாயால் மெதுவாகக் கேட்டாள்:

"என் கையால சோறு தின்னியேடி ரேவதி?"

"அக்கா..."

"எங்க தெருவுல ஜீப் வந்து நின்னுச்சி" என்றான் அமீர். "ஜும்மா தொழுகை விட்ற நேரம். தெருவே நின்னு பாத்துச்சி. எங்கம்மாவ ஏத்தினாங்க. நீங்க இங்க நாலு செவுத்துக்குள்ள சொல்லிட்டீங்க. அங்க யாரு சொல்றது?"

பதிலுக்கு நிற்காமல் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனான்.

வேலை அன்று மாலையே போனது. சார் திட்டினார், கேட்டுக்கொண்டாள். அது அவளை உறுத்தவில்லை. அதற்கப்புறம் இரண்டு வெள்ளிக்கிழமை பூந்தமல்லி பஸ் ஏறினாள். முதல் தடவை பாதி வழியிலேயே இறங்கிவிட்டாள். இரண்டாம் தடவை தெருமுனை வரை போனாள். தொழுகை முடிந்து ஜனம் வெளியே வந்தது. வாய் வரவில்லை, திரும்பிவிட்டாள்.

நஜ்மாமேல் ஒரு குற்றமும் இல்லை, தப்புச் செய்தவள் நான்தான் என்று அந்தத் தெரு கேட்கச் சொல்லவேண்டிய கடன், ரேவதிக்கு இன்னும் தீரவில்லை.