இருபதில் போன கார்

அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை வீதியில் பாதி ரோட்டில் நெல் காயும். வாகனம் ஏறக்கூடாதென்று நெல்லின் ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். மிச்சப் பாதியில்தான் எல்லாரும் போய்வர வேண்டும்.

அந்தப் பாதியில் என் கார் இருபதில் போனது. முப்பது வருஷமாக நான் மெதுவாகத்தான் ஓடுகிறேன். காரில் ஒரு கீறல் இல்லை என்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பெருமையும் பேசுவேன். பின்னால் ஓர் ஆட்டோ ஹோன் அடித்துக்கொண்டே வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், எங்கள் தெரு சபீல்; என்னை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடுகிறவன். நெல் இல்லாத இடம் வந்தும் நான் வழி விடவில்லை. இவனுக்கு ஒரு பாடம் படிப்பிக்க வேண்டும் என்று நடுரோட்டுக்கு வந்து, இன்னும் மெதுவாக்கினேன்.

திரும்பவும் நெல் தொடங்கிய இடத்தில் அவன் பொறுமை கெட்டு வலப்பக்கமாக முந்தினான். சில்லு கல்லில் ஏறி, ஆட்டோ நெல்லுக்குள் சரிந்தது.

சனம் கூடிவிட்டது. “இப்பிடிப் பறந்தா விழத்தானே வேணும்!” என்று எல்லாரும் அவனையே ஏசினார்கள். நானும் இறங்கிப் போய், “ஓம், வேகந்தான் ஆளக் கொல்லும்” என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

முகமெல்லாம் நெல் ஒட்டியிருக்க, உடைந்த கையைத் தாங்கிப் பிடித்தபடி சபீல் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“மாப்புச் செய்யுங்க காக்கா. நான்தான் அவசரப்பட்டுட்டன்.”

அத்தனை பேருக்கும் முன்னால், நான் அவனை மன்னித்தேன்.