கம்ப்யூட்டருக்குள் சிமெண்டு

கூலாய் நகரில் குணாளனின் கேமிங் கம்ப்யூட்டருக்கு வயது பதினொன்று. விளையாட்டில் இவன் சுடப்பட்டுச் செத்த பிறகுதான் எதிரியே திரையில் தெரிவான். புதுசு வாங்குவதா, பழசையே ஒப்பேற்றுவதா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவன், கடைசியில் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப்போனான்.

சீனக் கடைக்காரர் மூடியைத் திறந்ததும் தும்மினார். “அலமாக்! வீட்டுல சிமெண்டு வேலையா?” என்று மலாயில் கேட்டார்.

சிமெண்டு இல்லை. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் மனைவி லோஷினி காற்றுத் துளைகளின் மேல் பட்டை பட்டையாகப் பூசிய திருநீறு. உள்ளே விசிறி சுற்றவே வழியில்லை. கடைக்காரர் ஊதித் துடைத்ததும் கம்ப்யூட்டர் பறக்கிற வேகத்தில் ஓடியது.

“புதுசு வேணாம் லா, இதுவே நல்லா ஓடுது,” என்றான் குணாளன் வீட்டுக்கு வந்து.

“பாத்தீங்களா, சாமி கைவிடல!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட லோஷினி, திருநீற்றுத் தட்டோடு கம்ப்யூட்டரை நோக்கி நடந்தாள்.